மூன்று நிமிஷ தூரம்

இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் டிஃபிபிரிலேட்டர் பெட்டியை எங்கள் தொழிற்சாலையில் வாங்கி வைப்பதா என்று முடிவு செய்ய ஒரு கமிட்டி போட்டார்கள். ஐந்து பேரில் நானும் ஒருவன். பத்து வருஷம் யாருக்கும் ஒன்றும் நேராவிட்டால் வீண் செலவுதானே என்று நண்பர் ஒருவர் கேட்டார். அதே பணத்தில் பிரஸ் ஷாப்பில் விரல் போகாமல் தடுப்பு வைக்கலாம் என்றார். உயிருக்கு விலை கிடையாது என்று சொல்லி நான் அவர் வாயை அடைத்தேன். இப்போது வெட்கமாக இருக்கிறது. விலை கிடையாது என்பவன் கணக்குப் போடுவதிலிருந்து தப்பித்துக்கொள்கிறான், அவ்வளவுதான்.

இந்த யந்திரத்தின் பூர்வீகமே வேலைத்தலம். 1920களில் அமெரிக்காவில் லைன்மேன்கள் ஷாக் அடித்துச் செத்துக்கொண்டிருந்தார்கள். மின்சாரக் கம்பெனிகள் பணம் கொடுத்து ஆராயச் சொன்னவர்களில் கௌவன்ஹோவன் ஒருவர். வைத்தியர் அல்ல, எஞ்சினீயர். இதயத்தைத் தாறுமாறாகத் துடிக்க வைக்கும் மின்சாரமே அந்தத் தாறுமாறை நிறுத்தவும் கூடும் என்று 1899லேயே ஜெனிவாவில் பிரெவோவும் பட்டெல்லியும் நாய்களிடம் கண்டிருந்தார்கள். அதிர்ச்சி இதயத்தை ஓட வைக்கிறது என்று நாம் நினைக்கிறோம். இல்லை. ஒரு கணம் அடக்குகிறது. அந்த மௌனத்தில் இதயம் தன் தாளத்தைத் தானே மீட்டுக்கொள்ள வேண்டும். இன்றைய பெட்டி துடிப்பைத் தானே சோதிக்கும். பயன் இல்லாத இடத்தில் அதிர்ச்சி தர மறுக்கும். ஆகவே யாரும் கையாளலாம். மிச்சமிருப்பது நேரம். முதலுதவி எதுவும் இல்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிஷமும் பிழைக்கும் வாய்ப்பை நூற்றுக்கு ஏழு முதல் பத்து வரை குறைக்கிறது.

அமெரிக்கச் சூதாட்ட விடுதிகளின் காவலாளிகளுக்கு இதில் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். 2000ல் முடிவு வெளியாயிற்று. கண்முன் விழுந்தவர்களில், மூன்று நிமிஷத்துக்குள் அதிர்ச்சி கிடைத்தவர்களில் நூற்றுக்கு 74 பேர் பிழைத்து வீடு திரும்பினார்கள். அதற்குப் பிந்தியவர்களில் 49 பேர். அங்கே சூதாடுபவன்மேல் எப்போதும் ஒரு கண் இருக்கிறது. விடுதி காவல் காத்தது பணத்தை, பிழைத்தவன் மனிதன். பார்க்கப்படுகிறவன் பிழைக்கிறான் என்பதே எனக்கு இதிலிருந்து கிடைத்த செய்தி.

எங்கள் கமிட்டி வாங்குவது என்று தீர்மானித்தது. இரண்டு மாத விவாதம். எங்கே வைப்பது என்பதற்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. மானேஜர் அறைக்கு வெளியே, வருகிறவர்கள் பார்க்கிற இடத்தில். நானும் தலையாட்டினேன்.

பிறகு ஒருநாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அங்கிருந்து பம்ப் ஹவுஸ்வரை நடந்தேன். ஐந்தரை நிமிஷம். ஓடினாலும், போய் எடுத்துத் திரும்ப மூன்றில் முடியாது. அங்கே ராத்திரியில் ஒரு கான்ட்ராக்ட் ஆள் தனியாக இருக்கிறான். எங்கள் பதிவேட்டில் அவன் பெயர் இல்லை. யாரையும் சாகவிட வேண்டும் என்று நாங்கள் நினைக்கவில்லை. நினைக்காமலேயே யார் எவ்வளவு தூரத்தில் சாக வேண்டும் என்று வகுத்துவிட்டோம்.

பெட்டியை மாற்றச் சொன்னேன். "அப்போது ஆபீஸில் இருப்பவர்கள்?" என்றார் அதே நண்பர். நியாயம்தான். எங்கே வைத்தாலும் யாரோ தூரத்தில் இருப்பார்கள். ஆனால் பம்ப் ஹவுஸுக்குள்ளேயே பெட்டியை வைத்தாலும் அவனுக்குப் பிரயோஜனமில்லை. விழுந்தவன் தானே எழுந்து அதை எடுக்க முடியாது. அவனுக்கு வேண்டியது பக்கத்தில் இன்னொரு ஆள். அதற்கு மாதாமாதம் சம்பளம் கொடுக்க வேண்டும்; பெட்டியைவிடச் செலவு அதிகம். அடுத்த கூட்டத்தில் அதைக் கேட்கப்போகிறேன். இந்தத் தடவை கணக்கோடு போகிறேன்.