எது அந்தக் கார்? யார் அந்த மனிதர்?

ஒரே நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன் தயாரித்த இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்கள் ஒரு பட்டறையில் நிற்பதாகக் கொள்வோம். ஒன்று சிவப்பு, மற்றொன்று பச்சை. சிவப்புக் காரின் எஞ்சினைப் பச்சைக் காரிலும், பச்சைக் காரின் எஞ்சினைச் சிவப்புக் காரிலும் மாற்றிப் பொருத்துகிறார்கள். கைதேர்ந்த மெக்கானிக்குக்கு இது கடினமான வேலையன்று. எண்ணெயையும் குளிர்விக்கும் நீரையும் வடித்து, குழாய்களையும் மின்கம்பிகளையும் கழற்றி, எஞ்சினைச் சங்கிலியில் தூக்கி வெளியே எடுத்து, மற்றதில் இறக்கி, கியர்பாக்ஸுடன் நேர்கோட்டில் இணைத்துவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் வேலை முடிந்த பிறகுதான் கேள்வி பிறக்கிறது. இப்போது எது எந்தக் கார்?

பந்தய வீரர், காரின் உயிரே எஞ்சின்தான், ஆகவே கார்கள் இடம் மாறிவிட்டன என்பார். உடற்கூட்டைச் செதுக்கி அமைத்த கலைஞர், உருவம்தான் கார், எதுவும் மாறவில்லை என்பார். இந்தியாவில் வாகனப் பதிவுச் சான்றிதழில் சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் பதியப்பட்டுள்ளன. இரண்டும் பதிவோடு ஒத்துப்போகாத வாகனத்தைக் கண்டால் அதிகாரி புருவத்தை உயர்த்துவார். பழைய கார்களைச் சேகரிப்பவர்களோ, தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது இருந்த எஞ்சின் எண் இன்றும் இருக்கிறதா என்றே முதலில் பார்ப்பார்கள். இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் வேறு விலை.

நான்கு பேர், நான்கு பதில்கள். இது வெறும் சொல் விளையாட்டு என்று ஒதுக்கிவிடத் தோன்றும். ஆனால் இதே கேள்வி மனிதரைப் பற்றி எழும்போது நம் கடன்கள், வாக்குறுதிகள், உறவுகள் எல்லாமே அதன் விடையைச் சார்ந்து நிற்கின்றன.

நீதிமன்றத்தில் ஒரு கார்

1990-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் உயர் நீதிமன்றத்தின் முன் இக்கேள்வி உண்மையாகவே வந்து நின்றது. பிரான்ஸிலுள்ள லெ மான் நகரில் நடைபெறும் 24 மணி நேரப் பந்தயத்தில் 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் வென்றது பென்ட்லி நிறுவனத்தின் ‘ஸ்பீட் சிக்ஸ்’ வகைக் கார் ஒன்று. ‘ஓல்டு நம்பர் ஒன்’ என்ற பெயரால் அது புகழ்பெற்றது. பந்தயத்துக்குப் பந்தயம் அதன் பாகங்கள் மாற்றப்பட்டு வந்தன. 1932-இல் அதன் ஆறரை லிட்டர் எஞ்சினுக்குப் பதிலாக எட்டு லிட்டர் எஞ்சின் பொருத்தப்பட்டது. அதே ஆண்டு புரூக்லண்ட்ஸ் 500 மைல் பந்தயத்தில் அந்தக் கார் பாதையின் விளிம்பைத் தாண்டிச் சென்று விபத்துக்குள்ளாகி, ஓட்டியவர் உயிரிழந்தார். பின்னர் அது சாலையில் ஓட்டும் மூடிய காராக மீண்டும் கட்டப்பட்டது.

பல பத்தாண்டுகள் கழித்து அந்தக் காரைச் சுமார் ஒரு கோடி பவுண்டு மதிப்பில் வாங்க ஒப்புக்கொண்ட நிறுவனம், இது லெ மானில் வென்ற காரே அன்று என்று கூறிப் பின்வாங்கியது. வழக்கை விசாரித்த நீதிபதி ஆட்டன், 1929-இல் ஓடிய காரின் பாகங்கள் ஏறக்குறைய எதுவுமே இதில் இல்லை என்பதை ஏற்றுக்கொண்டார். ஆயினும், ஒரே நாளில் ஒன்றை அழித்து மற்றொன்றை அந்த இடத்தில் வைக்கவில்லை; படிப்படியாக, அறுபடாத ஒரு வரலாற்றோடு அது வளர்ந்து வந்திருக்கிறது; அந்தப் பெயருக்கு உரிமை கோரக்கூடிய வேறொரு காரும் உலகில் இல்லை. ஆகவே இதுவே அந்தக் கார் என்று தீர்ப்பளித்தார்.

கிரேக்க அறிஞர் புளூடார்க் கூறும் தீசியஸின் கப்பலுக்கு இது ஒரு நவீன உரை எனலாம். அந்தக் கப்பலின் பலகைகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்டபோது, அது பழைய கப்பல்தானா என்று தத்துவவாதிகள் விவாதித்தனர். 17-ஆம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸ் சிக்கலை மேலும் இறுக்கினார். கழற்றிய பழைய பலகைகளையெல்லாம் சேர்த்து ஒருவர் இரண்டாவது கப்பலைக் கட்டினால், எது உண்மையான கப்பல்? அப்போது வரலாறு ஒன்றைச் சுட்டுகிறது. பொருளோ மற்றொன்றைச் சுட்டுகிறது.

வேதாளமும் நாகசேனரும்

நம் நாட்டில் இக்கேள்வி கதையாகவே வழங்கி வந்திருக்கிறது. தேவியின் கோயிலில் கணவனும் சகோதரனும் தலை துண்டிக்கப்பட்டுக் கிடக்க, தேவியின் அருளால் அவர்களை உயிர்ப்பிக்கும் அவசரத்தில் அப்பெண் தலைகளை மாற்றிப் பொருத்திவிடுகிறாள். இருவரில் யார் அவளுடைய கணவன் என்று வேதாளம் விக்கிரமாதித்தனிடம் கேட்கிறது. அங்கங்களில் தலையே தலைமையானது, ஆகவே கணவனின் தலையை உடையவனே கணவன் என்கிறான் அரசன். காருக்கு இந்த விடை போதாது. காரின் தலை எது என்பதில்தானே நால்வரும் முரண்பட்டார்கள்!

பௌத்த நூலான மிலிந்த பண்ஹா வேறொரு வழியைக் காட்டுகிறது. தேரில் வந்த கிரேக்க அரசன் மிலிந்தனை நாகசேன தேரர் கேட்கிறார்: ஏர்க்காலா தேர்? அச்சா? சக்கரமா? எந்த ஒரு பாகமும் தேர் அன்று; பாகங்களுக்கு அப்பால் தேர் என்று தனியே ஒன்றும் இல்லை. பாகங்களின் சேர்க்கைக்கு வழக்கத்தில் இட்ட பெயரே தேர். காரைப் பொறுத்தவரை இந்த விடை முற்றிலும் சரியே. காருக்குத் தன்னைப் பற்றிய அறிவு இல்லை. ‘நான் லெ மானில் வென்றேன்’ என்று அது ஒருநாளும் எண்ணியதில்லை. எனவே அதன் அடையாளத்தை வழக்கம், வரலாறு, பயன் ஆகியவற்றைக் கொண்டு பிறர்தாம் தீர்மானிக்க வேண்டும்.

தேரில் அமர்ந்திருப்பவன்

மனிதரையும் அப்படியே பிறர் தீர்மானித்துவிட முடியுமா? 1967 டிசம்பரில் கேப் டவுனில் மருத்துவர் கிறிஸ்டியன் பர்னார்ட் முதன்முறையாக ஒரு மனிதரின் இதயத்தை மற்றொரு மனிதருக்குப் பொருத்தினார். 1994-இல் டெல்லியில் மருத்துவர் வேணுகோபால் இந்தியாவில் அதைச் செய்தார். உடலின் எஞ்சின் என்று சொல்லத்தக்க உறுப்பே மாறியும், கண் விழித்தவர் தம்மை இதயம் தந்தவராக எண்ணவில்லை. ‘நான் பிழைத்துக்கொண்டேன்’ என்றே உணர்ந்தார்.

அப்படியானால் ‘நான்’ என்பது மனமா? மனம் இதயத்தைவிட விரைவாக மாறுகிறது. பத்து வயதில் இருந்த விருப்பங்களில் ஐம்பது வயதில் எஞ்சுவது எத்தனை? பௌத்தர்கள் இதற்கும் ஒரு விடை தருவார்கள்: இரவு முழுவதும் எரியும் விளக்கின் சுடர் கணந்தோறும் வேறாயினும் ஒன்றுபோல் தோன்றுவதைப் போன்றதே மனிதனும். ஆதிசங்கரர் தம் பிரம்மசூத்திர பாஷ்யத்தில் இதை எதிர்கொள்கிறார். அன்று கண்டவனும் இன்று நினைவுகூர்பவனும் வேறு வேறானால், நினைவு என்பதே எப்படிக் கூடும்? ஒருவன் கண்டதை மற்றொருவன் நினைவுகூர்வதில்லையே! சுடர் தன்னை நேற்றைய சுடர் என்று அறிவதில்லை. மனிதனோ அறிகிறான். மாற்றத்தை அறிய, மாற்றத்தோடு அடித்துச் செல்லப்படாத ஒன்று வேண்டும்.

கடோபநிஷதமும் தேரைத்தான் எடுத்துக்கொள்கிறது. உடல் தேர், புத்தி சாரதி, மனம் கடிவாளம், புலன்கள் குதிரைகள். ஆன்மாவோ தேரில் அமர்ந்திருக்கும் தலைவன். நாகசேனர் தேரின் பாகங்களுக்கிடையே தேடி எவரையும் காணவில்லை. வேதாந்தம் இதை மறுப்பதில்லை. பாகங்களுக்கிடையே தேடினால் அவன் அகப்படமாட்டான், ஏனெனில் அவன் பாகம் அல்லன். அறியப்படும் பொருள்களின் பட்டியலில் அறிபவனின் பெயர் இராது.

வேதாந்த ஆசிரியர்கள் தேவதத்தன் என்பவனை எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். என்றோ ஓர் ஊரில் கண்ட தேவதத்தனை இன்று வேறோர் ஊரில் கண்டு, அவனே இவன் என்று அறிகிறோம். அந்தக் காலம், அந்த ஊர், அந்த இளமை ஆகியவற்றையும், இந்தக் காலம், இந்த ஊர், இந்த நரை ஆகியவற்றையும் கழித்துவிட்டால், இரண்டிலும் பொதுவாக நிற்பவன் ஒருவனே. முரண்படும் பகுதிகளை விட்டு மெய்யான பகுதியைக் கொள்வதே அந்த அறிவு.

பட்டறையில் நடந்த எஞ்சின் மாற்றத்தை ஒத்த ஒன்று நமக்குள்ளும் நடந்திருப்பதாகச் சங்கரர் காட்டுகிறார். ஆன்மாவின் அறிவை உடல் மீதும், உடலின் பருமை, நோய், மூப்பு ஆகியவற்றை ஆன்மாவின் மீதும் மாற்றி ஏற்றிக்கொண்டிருக்கிறோம். ஒரு வேறுபாடு உண்டு. பட்டறையில் நடந்தது உண்மையான மாற்றம். அதைத் திருப்ப மீண்டும் உழைக்க வேண்டும். இங்கே நடந்ததோ வெறும் மயக்கம்; அதைத் திருப்ப அறிவு ஒன்றே போதும்.

கடனும் கருணையும்

இங்கே ஒரு நியாயமான ஐயம் எழும். ஆன்மா எல்லாரிலும் ஒன்றே என்றால், இவர் கடனாளி, அவர் கடன் கொடுத்தவர் என்ற வேறுபாடு எங்கிருந்து வரும்? இதற்கு வேதாந்தம் இரண்டு தளங்களில் விடை கூறுகிறது. பரமார்த்தத்தில் ஆன்மா ஒன்றே. வியவகாரத்தில் ஒவ்வொரு ஜீவனுக்கும் அறுபடாத வினைத்தொடர் உண்டு; பென்ட்லிக் காரின் வரலாற்றைப் போல. அந்தத் தொடர்தான் கடனுக்கும் வாக்குக்கும் ஆதாரம்.

எஞ்சினை மாற்றியதில் குற்றம் இல்லை. மாற்றியதை மறைத்து, பழைய எண்ணை அரத்தால் தேய்த்து அழித்துவிட்டுப் புதிய எண்ணைப் பொறித்து விற்பதே குற்றம். மனிதரிடமும் இதுவே நிகழ்கிறது. தம் பழைய கடனைப் பற்றிக் கேட்டால், ‘அந்த ஆள் இப்போது இல்லை, நான் மாறிவிட்டேன்’ என்கிறோம். பிறருடைய பழைய தவற்றைப் பற்றிப் பேச்சு வந்தால், ‘அவன் என்றும் அவன்தான்’ என்கிறோம். ஒரே கேள்விக்கு நமக்கு ஆதாயமான விடையை இடத்துக்கேற்ப மாற்றிப் பொருத்துகிறோம். அறம் இதை நேர்மாறாகக் கேட்கிறது: தன் கடனைப் பொறுத்தவரை ‘அவனே நான்’ என்று ஏற்க வேண்டும், பிறர் குற்றத்தைப் பொறுத்தவரை ‘அவர் வளர்ந்திருக்கக்கூடும்’ என்று இடம் கொடுக்க வேண்டும். கொலைஞனாக இருந்து துறவியான அங்குலிமாலன் இரண்டையும் காட்டுகிறான். புத்தர் அவனைப் புதிய மனிதனாக ஏற்றுக்கொண்டார். அவனோ தன் மீது எறியப்பட்ட கற்களைப் பழைய வினையின் பயனாக ஏற்றுப் பொறுத்துக்கொண்டான்.

இந்தக் கேள்வி மிகவும் வலிக்கும் இடம் ஒன்று உண்டு. முதுமையில் நினைவு முழுவதும் அழிந்து, பெற்ற பிள்ளையையே யார் என்று கேட்கும் தந்தையின் முன், ‘இவர் அப்பாவே இல்லை’ என்று மகன் மனம் சோர்கிறது. அடையாளம் நினைவில்தான் இருக்கிறது என்ற ஜான் லாக்கின் கொள்கையின்படி அந்த மகன் சொல்வதை மறுப்பது கடினம். ஆனால் நினைவும் ஒரு பாகமே. கடிவாளம் அறுந்துபோனதால் தேரில் அமர்ந்திருப்பவர் இறங்கிப் போய்விட்டார் என்று ஆகாது. அவர் நம்மை அறியாமல் இருக்கலாம். அவரை அறியும் பொறுப்பு இப்போது நம்முடையது. அவருக்கு ஊட்டும் ஒவ்வொரு கவளமும், துடைத்துவிடும் ஒவ்வொரு முறையும், தேவதத்தனை அடையாளம் கண்டுகொள்ளும் சாதனைதான்.

காரின் அடையாளத்தை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். மனிதரிடத்தில், கழற்றக்கூடியவற்றையெல்லாம் கழற்றிய பின்னும் எஞ்சி நிற்பவரை வணங்கக் கற்றுக்கொள்வதே ஞானம். அந்த வணக்கம் சேவையாக வெளிப்படும்போதுதான் அந்த ஞானம் முழுமை பெறுகிறது.