வன்னிமரம்

ஆயுத பூஜை நாளின் மாலை. சங்கரன்கோவிலில் ஒரு நெசவாளர் தெரு. வருடம் முழுக்க ஓயாத விசைத்தறிச் சத்தம் இன்று அடங்கியிருக்கிறது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரின் வீட்டுத் திண்ணை. பகலில் தறி ஓட்டி இரவில் கதை எழுதும் இளைஞன் ஒருவன் பொரிகடலைப் பொட்டலத்தை அவர் முன் வைத்துவிட்டு, சட்டைக்குள்ளிருந்து மடித்த தாள்களை எடுக்கிறான்.

சீடன்: ஐயா, கதை பாதியில் நிற்கிறது. ஈழத்து வன்னியில் ஒரு பையன். பதினாலு வயது. துப்பாக்கி என்றாலே அவனுக்கு வெறுப்பு. ஆனால் துடைத்து எண்ணெய் போடுவது அவன்தான், அதன் பக்கத்தில் படுத்துத் தூங்குவதும் அவன்தான். கூட்டாளி ஒருவனிடம் படிக்கக் கொடுத்தேன். "வெறுக்கிறவன் எதுக்குல சுமக்கான்? நம்புற மாதிரி இல்ல. பயந்தாங்கொள்ளின்னு எழுதிட்டுப் போ. உன் ஆளு உத்தரகுமாரன்" என்று சிரித்துவிட்டான்.

குரு: உன் கூட்டாளி கேட்டது ஒரு கேள்வி, சொன்னது ஒரு வசவு. கேள்வியை முதலில் பார்ப்போம். தறிச் சத்தம் உனக்குப் பிடிக்குமா?

சீடன்: யாருக்குப் பிடிக்கும்? போன மாசம் ஒரு நாடா பாவை விட்டுத் தெறித்து, என் காதோரம் உரசிப் போய்ச் சுவரில் அடித்தது. அதன் முனை இரும்பு. ஒரு விரற்கடை தள்ளியிருந்தால் கண் போயிருக்கும்.

குரு: இன்று காலை அந்த நாடாவை என்ன செய்தாய்?

சீடன்: சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தேன்.

குரு: நேற்று ராத்திரி தறியெல்லாம் நின்ற பிறகு நன்றாகத் தூங்கினாயா?

சீடன்: இல்லை ஐயா. சத்தம் இல்லாமல் தூக்கம் பிடிக்கவில்லை.

குரு: அவ்வளவுதான். மனசு வெறுக்கும், கை பழகிக்கொள்ளும். கை மனசிடம் கேட்டுக்கொண்டு பழகுவதில்லை. அதிலும் பிள்ளைக் கை சீக்கிரம் பழகும். பிள்ளை பிடிக்க வருகிறவனுக்கு இது தெரியும். 1996இல் கிராசா மாஷெல் என்ற மொசாம்பிக் நாட்டு அம்மையார் போரில் அகப்பட்ட குழந்தைகளைப் பற்றி ஐ.நா. பொதுச் சபைக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். ஆயுதம் எடை குறையக் குறையப் பிள்ளைகளைப் படையில் சேர்ப்பது எளிதாகிவிட்டது என்பது அதில் ஒரு முக்கியமான கண்டறிதல். கலாஷ்னிகோவ் துப்பாக்கி ஏறத்தாழ நாலு கிலோ. நம் ஊரில் எட்டாம் வகுப்புப் பிள்ளையின் புத்தகப் பை என்ன எடை இருக்கும்?

சீடன்: அதற்குக் குறையாது.

குரு: முதுகில் இருந்ததை இறக்கிவிட்டுத் தோளில் இதை மாட்டிவிடுகிறார்கள். இனி அந்த வசவுக்கு வருவோம். உத்தரகுமாரன் என்ன தப்புச் செய்தான்?

சீடன்: அந்தப்புரத்துப் பெண்கள் முன்னால் வீரம் பேசினான். கௌரவர் சேனையைப் பார்த்ததும் தேரிலிருந்து குதித்து ஓடினான்.

குரு: எதிரே நின்றது யார் யார்?

சீடன்: பீஷ்மர், துரோணர், கர்ணன்...

குரு: ஒரு சின்னப் பையன் ஒரே ஒரு சாரதியோடு போய் அவர்களைப் பார்க்கிறான், ஓடுகிறான். அந்தக் களத்தில் சுயபுத்தியோடு நடந்துகொண்டவன் அவன் ஒருவன்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஓடியவனை, சாரதியாக வந்த அர்ச்சுனன் துரத்திப் பிடித்தான். பிடித்து எங்கே கூட்டிப்போனான்?

சீடன்: சுடுகாட்டுப் பக்கத்து வன்னிமரத்துக்கு. பாண்டவர்கள் ஆயுதங்களைப் பிணம்போல மூட்டை கட்டி அதில்தான் ஒளித்து வைத்திருந்தார்கள்.

குரு: மரத்தில் ஏறி அதை எடுத்தது யார்?

சீடன்: உத்தரன்.

குரு: ஆயுதத்துக்குப் பயந்து ஓடிய பிள்ளையையே மரத்தில் ஏற்றி ஆயுதத்தை இறக்கியிருக்கிறார்கள். ஊரெல்லாம் இன்று அந்த மரத்தின் கதையைச் சொல்லித்தான் பூஜை போட்டது. ஏறியவனை யாராவது நினைத்தார்களா?

சீடன்: ஐயா, ஒன்று சொல்லலாமா? அர்ச்சுனன் அந்தப் பையனைச் சண்டைபோட விடவில்லை. தேர் ஓட்டச் சொல்லிவிட்டு வில்லைத் தான் வாங்கிக்கொண்டான்.

குரு: நல்ல இடத்தில் மறித்தாய். ஒத்துக்கொள்கிறேன். அன்று ஒரு பெரியவன் பிள்ளையின் இடத்தில் தான் நின்றான். ஆனால் குருட்சேத்திரத்தில் அந்தக் கருணையும் இல்லை. முதல் நாளே சல்லியன் கையால் உத்தரன் செத்தான். இது நம்மில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? ஓடியதுதான் நிற்கிறது. பதின்மூன்றாம் நாள் அபிமன்யு. பதினாறு வயது என்பார்கள். என்ன சொல்லிவிட்டு உள்ளே போனான்?

சீடன்: உள்ளே போகத் தெரியும், வெளியே வரத் தெரியாது என்று.

குரு: குழந்தைப் போராளி என்றால் யார் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான இலக்கணம் எனக்குத் தெரியாது. அவன் சொன்னதைக் கேட்டுக்கொண்டுதான் பெரியவர்கள் அனுப்பினார்கள். பின்னாலேயே வருகிறோம் என்றார்கள். வர முடியவில்லை.

சீடன்: அப்படியானால் நம் இலக்கியமே இந்தக் குற்றத்துக்கு உடந்தையா? புறநானூற்றில் ஒக்கூர் மாசாத்தியார் பாட்டை நீங்கள்தான் வகுப்பில் நடத்தினீர்கள். ஒரே மகன். தலைக்கு எண்ணெய் தடவி, வெள்ளுடை உடுத்தி, கையில் வேலைக் கொடுத்து அனுப்புகிறாள் தாய். நாங்கள் கைதட்டினோம்.

குரு: நானும் கைதட்டிக்கொண்டேதான் நடத்தினேன். பொன்முடியார் பாட்டையும் சேர்த்துக்கொள். பெறுவது தாய் கடமை, சான்றோன் ஆக்குவது தந்தை கடமை, வேல் வடிப்பது கொல்லன் கடமை என்று வரிசையாகப் பங்கு பிரித்திருக்கும். பங்கு பிரித்துவிட்டால் ஒரு சௌகரியம் உண்டு. ஆளாளுக்கு அவரவர் கடமையைச் செய்தார்கள், பையன் செத்தான், யாரும் கொல்லவில்லை. முப்பது வருஷம் அதை நடத்திய பிறகுதான் எனக்கு இது உறைத்தது. ஆனால் அதே தொகையில் நாற்பத்தாறாம் பாட்டும் இருக்கிறது.

சீடன்: மலையமான் மக்கள்.

குரு: ஆமாம். யானைக் காலில் இடறிக் கொல்ல நிறுத்தியிருக்கிறார்கள். அழுத பிள்ளைகள் யானையைப் பார்த்து அழுகையை மறந்துவிட்டு, கூடியிருக்கும் கூட்டத்தைப் பார்த்து மிரளுகிறார்கள். கோவூர்கிழார் போய்க் கொல்லச் சொன்ன சோழன் கிள்ளிவளவனிடம் பேசுகிறார். பகைவன் பிள்ளை என்பதற்கு முன்னால் பிள்ளை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த ஒரு புலவரை வைத்துத்தான் நான் தமிழாசிரியன் என்று சொல்லிக்கொள்கிறேன்.

சீடன்: ஈழத்தில் அப்படி ஒருவர் நிற்கவில்லையே.

குரு: நின்றவர்கள் இருந்தார்கள், தாய்மார்கள்தான் அதிகம். கேட்கிறவர்கள்தான் இல்லை. 2003 முதல் 2008 முடிய விடுதலைப் புலிகள் சேர்த்த சிறார்கள் என்று யுனிசெஃப் பதிவு செய்தது 6,000க்கும் மேல். பதிவுக்கு வந்தது மட்டும். புலிகளின் கிழக்குத் தளபதி கருணா பிரிந்து போன பிறகு அவர் அணியும் கிழக்கில் பிள்ளைகளைப் பிடித்தது. கடைசிக் காலத்தில் வீட்டுக்கு ஒருவர் என்று வந்து நின்றார்கள். 2009இல் போர் முடிந்து அரசின் மறுவாழ்வு மையங்களுக்கு வந்த சிறார்கள் 594 பேர். 6,000 எங்கே, 594 எங்கே? இடையில் விடுவிக்கப்பட்டவர்கள் உண்டு, பதினெட்டைத் தாண்டியவர்கள் உண்டு, திரும்பாதவர்களும் உண்டு.

சீடன்: விரும்பிப் போனவர்களும் உண்டல்லவா? ஷோபாசக்தியே பதின்ம வயதில் இயக்கத்துக்குப் போனவர்தானே. பிறகு வெளியே வந்து 'கொரில்லா' எழுதினார்.

குரு: இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தேன். குழந்தை உரிமை உடன்படிக்கை 1989இல் வந்தபோது போருக்கான வயது பதினைந்து என்று விட்டார்கள். 2000இல் அதற்கு ஒரு விருப்ப நெறிமுறை சேர்த்தார்கள், 2002 பிப்ரவரி 12 முதல் அமலில் இருக்கிறது. அரசுப் படை அல்லாத எந்த ஆயுதக் குழுவும் பதினெட்டுக்குக் கீழே உள்ளவரைச் சேர்க்கவே கூடாது. தானாக வந்தாலும் கூடாது. பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தின் முதல் தீர்ப்பே இந்தக் குற்றத்துக்குத்தான். 2012இல், காங்கோவின் தாமஸ் லுபாங்கா. பதினைந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைச் சேர்த்ததற்கு 14 ஆண்டுச் சிறை. பிள்ளை சம்மதித்தான் என்பதை நீதிமன்றம் ஒரு சமாதானமாக ஏற்கவில்லை. இதன் பொருள் என்ன?

சீடன்: பிள்ளையின் விருப்பம் கணக்கில் வராது.

குரு: விருப்பம் கணக்கில் வராது என்றால் வெறுப்பு மட்டும் எப்படி வரும்?

சீடன்: ...புரியவில்லை ஐயா.

குரு: உன் பையன் துப்பாக்கியை ஏன் வெறுக்கிறான்? அவனுக்காக வெறுக்கிறானா, படிக்கிறவனுக்காகவா? வெறுத்தால்தான் வாசகன் அவனை மன்னிப்பான் என்று உனக்குப் பயம். சரி, பக்கத்துக் கூடாரத்தில் இன்னொரு பதினாலு வயதுப் பையன் இருக்கிறான். துப்பாக்கி கைக்கு வந்த அன்று அவனுக்கு உலகமே கைக்கு வந்த மாதிரி இருந்தது. அதற்குப் பெயர் வைத்து வைத்திருக்கிறான். அவனை என்ன செய்வாய்? அவன் பிள்ளை இல்லையா?

(சீடன் பதில் சொல்லவில்லை. தெருவில் யாரோ உடைத்த பூசணிக்காயைச் சிறுவர்கள் காலால் ஓரம் தள்ளுகிறார்கள்.)

குரு: நான் வன்னிப் பையனை மட்டும் வைத்துப் பேசவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளிக்கூடத்துப் பையன்கள் சக மாணவனை அவன் வீட்டுக்குள் புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுத்த தங்கைக்கும் வெட்டு. சாதிதான் காரணம். நீதிபதி சந்துரு குழு 2024இல் கொடுத்த அறிக்கையில், மாணவர்கள் கையில் சாதி அடையாளமாக நிறக் கயிறு கட்டுவதைத் தடுக்கச் சொன்னது. அந்தக் காலத்தில் பிள்ளை கழுத்தில் ஐம்படைத் தாலி கட்டினார்கள். திருமாலின் சங்கு, சக்கரம், வாள், தண்டு, வில் ஐந்தையும் சின்னதாகச் செய்து, பிள்ளையைக் காக்க. இந்தக் கயிறு யாரைக் காக்கக் கட்டியது? நம் கோவில் கதையில் சங்கன், பதுமன் என்ற இரண்டு நாகங்கள் சிவன் பெரிதா திருமால் பெரிதா என்று சண்டை பிடித்தன. தாங்களே அம்பாளிடம் போய்க் கேட்டன. தங்கள் குட்டிகளை அவை ஏவவில்லை. பாம்புகளுக்கு அந்த அளவு நாணயம் இருந்தது.

சீடன்: ஐயா, ஒன்று சொல்லிவிடுகிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நான் பதினொன்றாம் வகுப்பு படித்தபோது ஊரில் ஒரு கொடை. சப்பரம் எந்தத் தெரு வழியாக வருவது என்று தகராறு. எங்கள் தெருப் பெரியவர் ஒருத்தர் பேப்பரில் சுற்றி ஒரு அரிவாளை என் கையில் கொடுத்தார். "ஒண்ணும் பண்ண வேண்டாம், சும்மா பிடிச்சுக்கிட்டு நில்லு" என்றார். நின்றேன்.

குரு: பயமாக இருந்ததா?

சீடன்: இல்லை. பிடித்திருந்தது. அதன் கனம் பிடித்திருந்தது. அதுவரை என்னைக் கண்டுகொள்ளாதவர்கள் எல்லாம் வழிவிட்டார்கள். அன்றைக்கு யாராவது "வெட்டு" என்று சொல்லியிருந்தால்... தெரியவில்லை ஐயா. போலீஸ் வந்தது, கூட்டம் கலைந்தது, அதனால் தப்பித்தேன். அதனால்தான் இந்தப் பையன் வெறுக்க வேண்டும் என்று எழுதினேன் போலிருக்கிறது.

குரு: அரிவாளை என்ன செய்தாய்?

சீடன்: வைக்க இடம் தெரியவில்லை. அவரிடம் திருப்பிக் கொடுத்தால் கோழை என்பார். கிணற்றில் போட்டால் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும். இருட்டியதும் வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஆச்சி அடுப்படியில் இருந்தாள். பேப்பர் மடிப்பைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கையை மட்டும் நீட்டினாள். கொடுத்தேன். "சோறு இருக்கு, சாப்பிடு" என்றாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

குரு: பாண்டவர்களுக்கு ஒரு மரம் இருந்தது, ஒரு வருஷம் வைத்துக்கொள்ள. வன்னி என்று பெயர் கொண்ட மண்ணில் உன் பையனுக்கு அப்படி ஒரு மரம் இல்லை. ஏன் சுமக்கிறான் என்று உன் கூட்டாளி கேட்டான். இறக்கி வைக்க எங்கே இடம் இருந்தது என்று கேட்டிருக்க வேண்டும். பிறகு அந்தப் பெரியவர் அரிவாளைக் கேட்டு வரவில்லையா?

சீடன்: மூன்றாம் நாள் வந்தார். அதற்குள் ஆச்சி அதைக் கொண்டு வேலிமுள் வெட்டி, விறகு பிளந்து, வாயை மழுங்கடித்திருந்தாள். "இந்தா கெடக்கு. முள்ளு வெட்டத்தான் ஆகும், வேணும்னா எடுத்துட்டுப் போ" என்றாள். அவர் எடுக்கவில்லை. இன்று காலைகூட என் நாடாவுக்குப் பக்கத்தில் அதை வைத்துப் பொட்டு வைத்தவள் அவள்தான்.

குரு: வன்னிமரம் கேட்டதும் திருப்பிக் கொடுத்துவிட்டது. உங்கள் ஆச்சி கொடுக்கவில்லை. அந்த மரத்தைவிட அவள் பெரியவள்.

(கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. குரு பொட்டலத்தைப் பிரித்து ஒரு பிடி பொரியைச் சீடன் கையில் போடுகிறார்.)

குரு: கதையை என்ன செய்யப் போகிறாய்?

சீடன்: முதல் வரியை அடித்துவிடுகிறேன். 'அவனுக்குத் துப்பாக்கி பிடிக்காது' என்று தொடங்கியிருந்தேன்.

குரு: அடித்துவிட்டு?

சீடன்: அவன் வயதை எழுதுகிறேன் ஐயா. அது போதும்.