ரிஜெக்ட் போடுவதற்கு முன்

எங்கள் வீட்டுக் கணினி இரண்டு மாதமாகத் தானாக அணைந்து அணைந்து எழுந்துகொண்டிருந்தது. 2015இல் நான் எஸ்.பி.எம். முடித்த கையோடு அம்மா ஓ.டி. செய்து வாங்கிக் கொடுத்தது. நான்காம் தலைமுறை ஐ5, எச்81 மதர்போர்டு, டிடிஆர்3 ரேம். "போர்டு போச்சும்மா, மாத்தணும்" என்று சொல்லிவிட்டேன். நான் மின்னியல் பொறியாளர். வீட்டில் யாரும் மறுத்துப் பேசவில்லை.

மதர்போர்டை மட்டும் மாற்றுவதெல்லாம் பேச்சுக்குத்தான். இன்றைய போர்டில் அந்தச் சிப் உட்காராது, டிடிஆர்3 ரேமும் பொருந்தாது. ஒன்றைத் தொட்டால் மூன்றும் போகும். கொம்தாரில் விசாரித்தபோது கடைக்காரரும் பழையதைச் சரிசெய்வது "தாக் பெர்பாலோய்" என்றார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். வலுவான காரணம் ஒன்றும் கையில் இருந்தது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இந்தச் சிப் தகுதி பெறாது. அம்மா இந்தக் கணினியில்தான் வங்கிக் கணக்கைப் பார்க்கிறார். பாதுகாப்பு முக்கியமில்லையா?

முக்கியம்தான். ஆனால் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை இன்னும் ஒரு வருடம் நீட்டித்துக்கொள்ள வழி இருந்ததை நான் அம்மாவிடம் சொல்லவில்லை.

அம்மா பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இருபது வருடம் போர்டுகளைச் சோதித்தவர். ஒருநாள் சாப்பிடும்போது கேட்டார்: "வேற பவர் சப்ளை போட்டுப் பாத்தியா?"

இல்லை.

"நாங்கல்லாம் ரிஜெக்ட் ஸ்டிக்கர் ஒட்டுறதுக்கு முன்னாடி டெஸ்ட் ஜிக்க மாத்திப் பாப்போம்லா. கோளாறு ஜிக்ல இருந்தா, நல்ல போர்டு குப்பைக்குப் போயிடும்."

நண்பனிடம் ஒரு பவர் சப்ளையை இரவல் வாங்கி மாட்டினேன். மூன்று நாள் ஒருமுறைகூட அணையவில்லை.

கான்ட் 1785இல் எழுதிய நூலில் ஒரு கடைக்காரர் வருகிறார். விவரம் தெரியாதவரிடமும் அதிக விலை கேட்கமாட்டார். நேர்மைக்காக அல்ல, வியாபாரத்துக்கு அதுதான் நல்லது என்பதால். செயல் சரி, ஆனால் அதற்கு அறமதிப்பு இல்லை என்பார் கான்ட். முதலில் படித்தபோது இது அதிகப்படியாகத் தெரிந்தது. செயல் சரியாக இருந்தால் போதாதா? காரணம் எதுவானால் என்ன?

இப்போது ஒன்று புரிகிறது. இரவல் காரணத்தை வைத்திருப்பவன் எதையும் சோதித்துப் பார்க்கமாட்டான். சோதித்தால் அவனுக்கு வேண்டிய முடிவு உடைந்துவிடலாம். பத்து நிமிட வேலையை இரண்டு மாதமாக நான் செய்யாததற்கு அறியாமை காரணமில்லை.

அதனால் எனக்கு நானே ஒரு சோதனை வைத்துக்கொண்டேன். சொல்கிற காரணத்தை எடுத்துவிட்டாலும் முடிவு அப்படியே நிற்கிறதா? நின்றால், அது காரணமே இல்லை. போர்டில் பழுதில்லை என்று தெரிந்த பிறகும் எனக்குப் புதியதுதான் வேண்டியிருந்தது. புதிய கேம்கள் ஓட வேண்டும், அவ்வளவுதான். ஆசைப்பட்டது தப்பில்லை. அந்த ஆசைக்கு அம்மாவின் வங்கிக் கணக்கைக் காவலுக்கு நிறுத்தியதுதான் தப்பு.

பாதுகாப்புக் கேள்வி இதனால் பொய்யாகிவிடவில்லை. அதை இனிமேல்தான் நேர்மையாகக் கேட்க வேண்டும். இப்போதைக்கு ஒரு வருட நீட்டிப்பைப் பதிந்துவிட்டேன். அதற்குப் பிறகு என்ன செய்வது என்பதை அம்மாவும் சேர்ந்து முடிவெடுப்பார். புதிய கணினிக்குத் தனியாகச் சேமிக்கிறேன், கேம் விளையாடத்தான் என்று வீட்டில் சொல்லியும்விட்டேன்.

அம்மா சிரித்தார். "இத மொத நாளே சொல்லியிருக்கலாம்ல."