மைனஸ் இரண்டு குரங்குகள்

பாஸ்கராச்சாரியர் 12ஆம் நூற்றாண்டில் எழுதிய பீஜகணிதத்தில் ஒரு குரங்குக் கணக்கு வருகிறது. கூட்டத்தின் ஐந்தில் ஒரு பங்கில் மூன்றைக் கழித்து, மீதியை வர்க்கம் செய்தால் எவ்வளவோ அத்தனை குரங்குகள் குகைக்குள் போய்விட்டன. ஒன்று மட்டும் வெளியே தெரிகிறது. மொத்தம் எத்தனை?

50 சரியான விடை. 5ஐயும் போட்டுப் பாருங்கள்: ஐந்தில் ஒரு பங்கு ஒன்று, மூன்று போனால் மைனஸ் இரண்டு, வர்க்கம் நான்கு, வெளியே ஒன்று. டேலி ஆகிறது. நான் எழுதுற ப்ரோகிராமாக இருந்தால் டெஸ்ட் பாஸ். பாஸ்கரர் ஒப்பவில்லை. நடுவில் மைனஸ் இரண்டு குரங்கு வருகிறதே, அதை உலகம் ஏற்காது என்று 5ஐத் தள்ளிவிட்டார்.

இத்தனைக்கும் மைனஸ் அவருக்குப் புதிதல்ல. 628லேயே பிரம்மகுப்தர் நேர் எண்ணைத் தனம், எதிர் எண்ணை ருணம், அதாவது கடன், என்று சொல்லி விதிகள் எழுதிவிட்டார். மைனஸ் ஆயிரம் ரூபாய் இருக்கலாம்; பலர் வீட்டில் இருக்கிறது. மைனஸ் செல்லுமா என்பது எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது.

எனக்கு உறுத்துவது இங்கேதான். ஏமாற்றிய பணத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்தால் கடன் தீரும், சரி. ஆனால் ஒருத்தருக்குக் கெடுதல் செய்துவிட்டு, வேறெங்கோ அன்னதானம் போட்டு ‘நேர் பண்ணிட்டேன்’ என்கிறோமே? பாவ புண்ணியக் கணக்கில் மனுஷனையும் ரூபாய் மாதிரியே எழுதிக்கொள்கிறோம். ஒரு கம்பெனி பத்துப் பேரை அனுப்பிவிட்டு வேறு பத்துப் பேரைச் சேர்த்தால் ரிப்போர்ட்டில் மாற்றம் பூஜ்யம். முதல் பத்துப் பேர் வீட்டில் இ.எம்.ஐ. தேதி அப்படியேதான் இருக்கிறது.