பொம்மை செத்தால் யார் அழுவது?

"நேத்து ஒரு குழந்தையைக் கொன்னுட்டேன் அங்கிள்."

காலை ஏழரை மணிக்கு, படூர் பஸ் ஸ்டாப்பில், ஓ.எம்.ஆர். புழுதிக்கு நடுவே ஒரு பெண் இப்படிச் சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்? நான் பேப்பரை மடித்து வைத்தேன். எங்கள் அபார்ட்மென்ட் பெண்தான். டாக்டர். குழந்தை மருத்துவத்தில் மேல்படிப்பு படிக்கிறாள்.

"பொம்மைதான்" என்றாள். ஆனால் கண் சிவந்திருந்தது.

அபூர்வமான ஆபத்துகளை அடையாளம் காண, பொம்மையை வைத்துப் பயிற்சி தருகிறார்கள். அது மூச்சுவிடும், அழும், உதடு நீலமாகும். ஆசிரியர் மறைவாக உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஆட்டிவைப்பார். நர்ஸ் ஒருவர் அம்மா வேஷம். அன்றைய 'குழந்தை'க்குக் கடும் காய்ச்சல், விழுங்க முடியவில்லை, எச்சில் வழிகிறது, "படுக்க வெச்சாலே திணறுது டாக்டர்" என்கிறார் அம்மா. இவள் படுக்கவைத்து, நாக்கை அழுத்தித் தொண்டையைப் பார்த்தாள். செய்யவே கூடாதது அதுதான். குரல்வளை மூடி வீங்கியிருந்தால், அந்த ஒரு அழுத்தலில் மூச்சுப்பாதை மொத்தமாக அடைத்துக்கொள்ளலாம்.

படித்தவளுக்கு ஏன் தெரியவில்லை? பார்த்ததே இல்லை, அதனால். இந்த வீக்கத்துக்குப் பெரும்பாலும் காரணமாக இருந்த 'ஹிப்' கிருமிக்குத் தடுப்பூசி வந்துவிட்டது. அதையும் சேர்த்த பென்டாவேலன்ட் ஊசியை அரசு 2011 டிசம்பரில் முதலில் தொடங்கியது தமிழகத்திலும் கேரளாவிலும்தான். நோய் அபூர்வமாக ஆக, அதைப் பார்த்த டாக்டர்களும் அபூர்வமாகிவிடுகிறார்கள்.

சரி, பொம்மையைச் சாகவிடலாமா? ஆசிரியர்களுக்குள்ளேயே இதில் இரண்டு கட்சி. பயந்துபோனவர் கற்கமாட்டார், காப்பாற்றிக் கொடுத்துவிடு என்கிறது ஒன்று. தப்புக்கு விலை இல்லையென்றால் அது விளையாட்டு என்கிறது மற்றது. முதலில் நான் கருணைக் கட்சியில்தான் இருந்தேன். ஒரு பெண்ணை அழவைத்தா பாடம் நடத்துவது?

ஆனால் நான் பி.காம். படித்தவன். செலவு எந்தக் கணக்கில் எழுதப்பட்டது என்று பார்க்கும் புத்தி போகாது. பொம்மை வருவதற்கு முன் இந்தப் பாடத்துக்கு யார் விலை கொடுத்தார்கள்? யாரோ ஒரு நிஜக் குழந்தை. அதுவும் பெரும்பாலும், கேள்வி கேட்கத் தெரியாத ஏழை வீட்டுக் குழந்தை. அந்தப் பற்று எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை.

பயிற்சி பொம்மைகளில் ஒரு மூத்த அக்கா 'ஆனி'. 1960-ல் நார்வே பொம்மை வியாபாரி ஆஸ்மண்ட் லேர்டால் செய்தது. 1955-ல் அவருடைய இரண்டு வயது மகன் தண்ணீரில் மூழ்கி, மயிரிழையில் பிழைத்தவன். அந்த அப்பாவிடம் கேட்டால், பொம்மை எத்தனை தடவை வேண்டுமானாலும் சாகட்டும் என்றுதான் சொல்லியிருப்பார் என நினைக்கிறேன். ஒரே நிபந்தனை: சாகடித்தவரை அழுதபடி வீட்டுக்கு அனுப்பக்கூடாது. உட்காரவைத்துப் பேசி, அன்றைக்கே மறுபடி செய்யவைக்க வேண்டும்.

"மறுபடி செஞ்சியாம்மா?"

"செஞ்சேன் அங்கிள். அம்மா மடியிலேயே விட்டேன். தொண்டையைத் தொடலை. மயக்க மருந்து டாக்டரையும் ஈ.என்.டி.யையும் கூப்பிட்டுட்டு, பக்கத்துலயே நின்னேன். சும்மா நிக்கறதுதான் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு."

கேளம்பாக்கம் பஸ் வந்தது. ஏறிவிட்டாள்.