ஒரே பாத்திரம்

ஒயின் கிளாஸின் காம்பு நீண்டு மெலிந்திருப்பது, உள்ளங்கைச் சூடு ஒயினுக்குப் போகக்கூடாது என்பதற்காக. வாசனை சிதறாமலிருக்க அதன் வாய் குறுகியிருக்கும். எல்லாமே ஒருவர் ருசிப்பதற்கான ஏற்பாடு. ஆலயத்துப் பீடத்திலிருக்கும் நற்கருணைப் பாத்திரத்தின் கணக்கு வேறு. கை பட்டாலும் சாயாத அகன்ற அடி. பிடி நழுவாதிருக்கத் தண்டின் நடுவே ஒரு குமிழ். விளிம்பும் தடித்தது, எத்தனையோ வாய்கள் வரிசையாக அதில் படப்போகின்றன.

கண்ணாடி, மண் போன்று எளிதில் உடையும் பாத்திரங்களையும் வீட்டுப் புழக்கத்துப் பாத்திரங்களையும் திருப்பலிக்கு வைக்கக்கூடாது என்று 2004இல் வத்திக்கான் அறிவுறுத்தியது. துருப்பிடிக்கும் உலோகமானால் உட்புறம் பொன்முலாம் பூச வேண்டும். நியாயமான மரியாதைதான். ஆனால் என் மனம் நிற்பது பொன்னில் அல்ல, அந்த விளிம்பில்.

தாம்பரம், பல்லாவரம் பக்கத்து சி.எஸ்.ஐ. ஆலயங்களில் பொதுப் பாத்திரம் கொடுக்கும்போது கவனித்திருக்கிறேன். முழங்காலிட்டிருப்பவர் ஒரு வாய் குடித்ததும் ஆயர் வெள்ளைத் துணியால் விளிம்பைத் துடைத்து, சற்றே திருப்பி, அடுத்தவரிடம் நீட்டுவார். சொம்புத் தண்ணீரைக்கூட அண்ணாந்து குடித்துப் பழகியவர்கள் நாம். எச்சில் என்றால் கூடப்பிறந்தவர்களிடமே தயங்குவோம். டீக்கடையில் இரட்டைக் குவளை வைத்த மாநிலம் இது. இங்கே முன்பின் தெரியாத ஒருவர் வாய்வைத்த இடத்தில் இன்னொருவர் வாய்வைப்பது சாதாரணக் காரியமா?

சபையே அதற்கு எளிதில் இணங்கிவிடவில்லை. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் தாம்பரம் வளாகத்தில் ஒரு விடுதிக்குப் பெயர் தந்திருக்கும் பேராயர் ஹீபர், சாதி விஷயத்தில் மென்மையாகவே போனார். பின்னால் வந்த பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு உடனடியாக ஒழிய வேண்டும் என்று 1833இல் சுற்றறிக்கை அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சையிலும் வேளாளர் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். விசுவாசத்தை விட்டவர்கள் அல்ல அவர்கள். பிறரோடு சேர்ந்து உட்காரவும், ஒரே பாத்திரத்தில் குடிக்கவும்தான் மனம் ஒப்பவில்லை.

கிருமிகளுக்கு அஞ்சி 1890களில் அமெரிக்கச் சபைகள் தனித்தனிச் சிறு கிண்ணங்களைக் கொண்டுவந்தன. கொரோனா வந்தபோது அந்த அச்சம் நமக்கும் புரிந்தது. காசநோய் இன்னும் ஓயாத நாட்டில் அதைத் தட்டிக்கழிக்க முடியாது. இருமல் உள்ளவர் தனிக்கிண்ணத்தில் குடிக்கட்டும், அல்லது அப்பத்தைத் திராட்சை ரசத்தில் தோய்த்து வாங்கிக்கொள்ளட்டும். ஆனால் ஆரோக்கியமான சபை முழுவதற்கும் தட்டு நிறையக் கிண்ணங்களை அடுக்கி, ஆளுக்கொன்று எடுத்துக்கொள்வதே வழக்கமாகிவிட்டால், விருந்து வீட்டு ஒயின் கிளாஸுக்கும் இதற்கும் அளவில் மட்டும்தான் வித்தியாசம் மிஞ்சும். யார் எச்சிலும் யார்மீதும் படாமல் வீடு திரும்பிவிடலாம்; வில்சன் காலத்தில் வெளியேறியவர்கள் கேட்டதும் ஏறக்குறைய அதுதான்.

ஆகவே சபைக் கமிட்டிகளிடம் ஒன்று கேட்கிறேன். திடப்படுத்தல் பெற்ற பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் அன்றைக்காவது அந்தப் பெரிய பாத்திரத்தை அலமாரியிலிருந்து எடுங்கள். பக்கத்தில் முழங்காலிட்டிருப்பது யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிக்கக் கற்றுக்கொள்ளும் முன்பே அவர்கள் அதில் குடித்துவிடட்டும்.