வெயிலின் குடிவாரம்

சூரியன் எவருக்கும் தனியுடைமை அல்லன் என்பதற்குச் சாஸ்திரப் பிரமாணம் தேவையில்லை. மாளிகை முற்றத்தில் விழுகிற கிரணமே குடிசைக் கூரையின் பொத்தல் வழியாகவும் இறங்குவதைக் குழந்தையும் அறியும். ஆயினும் அந்தக் கிரணத்தை மின்சாரமாக்கி விற்க முற்படும்போது, அது விழுகிற மண் யாருடையது என்ற கேள்வி குறுக்கே வந்து நிற்க, பேதமறியாத ஆதித்தனும் பட்டாக் கணக்குக்குள் நுழைய நேருகிறது.

கர்நாடகத்தின் துமகூரு ஜில்லாவில், மழை பொய்ப்பதே வழக்கமாகிவிட்ட பாவகடா தாலுகாவில், திருமணி முதலிய ஐந்து கிராமங்களின் சுமார் 13,000 ஏக்கரில், 2,050 மெகாவாட் திறனுள்ள சூரியமின் பூங்கா இருக்கிறது. அரசாங்கம் நிலத்தைக் கையகப்படுத்தாமல், ஏக்கருக்கு வருஷம் 21,000 ரூபாய் என்று தொடங்கிக் குத்தகைக்கே எடுத்துக்கொண்டது மனமாரப் பாராட்டத்தக்க காரியம். ஆழ்துளைக் கிணறு தோண்டித் தோண்டிக் கடன்பட்ட குடியானவன் இனி மேகத்தை அண்ணாந்து பார்க்க வேண்டாம். (பார்த்தாலும் தெரிவது வெயில்தான், அதுவும் இப்போது விலைச்சரக்கு.)

ஆனால் அந்த நிலங்களில் களை பறித்தவளுக்கும், அறுப்புக்குப் பின் ஆடு மேய்த்தவனுக்கும் பட்டா இல்லை. ஆகவே குத்தகையும் இல்லை. சிலருக்குக் காவல் வேலையும் பலகை துடைக்கும் வேலையும் கிடைத்தன. விளைச்சலை நிலக்காரனுக்கு மேல்வாரம், உழுதவனுக்குக் குடிவாரம் என்று பிரித்த பழைய முறை எத்தனையோ அநீதிக்கு இடம் தந்தது உண்மையே. எனினும் உழைத்தவனுக்கும் ஒரு வாரம் உண்டு என்ற எண்ணமாவது அதில் இருந்தது. உழவே இல்லாத வயலில் குடிவாரம் யாருக்கு?

மனிதன் தேவர்க்கும் ரிஷிகளுக்கும் பித்ருக்களுக்கும் மட்டுமன்றிச் சக மனிதர்க்கும் கடன்பட்டே பிறக்கிறான் என்கிறது சதபத பிராமணம். முதல் மூன்றை மறவாத நாம் நான்காவதைச் சௌகரியமாக மறந்தோம். 2070-க்குள் கரியமில வாயுவின் நிகர வெளியீட்டைப் பூஜ்யமாக்குவோம் என்று 2021-ல் கிளாஸ்கோவில் பாரத அரசு கொடுத்த வாக்கு, பிறக்கப்போகும் சந்ததிக்கு உள்ள கடனின் அங்கீகாரம். அதில் எனக்கு ஆட்சேபமில்லை. அடுத்த வீட்டுக் கூலிக்காரிக்கு உள்ள கடனுக்கு அத்தனை நீண்ட தவணை கிடையாதே!

சுரங்கத்தால் பாதிக்கப்பட்டோர் நலனுக்கென மாவட்டந்தோறும் கனிம அறக்கட்டளை அமைக்க 2015-ல் சட்டம் வழிசெய்தது. சூரியமின் பூங்காவுக்கும் அப்படியொன்று வேண்டும் என்றால், கனிமம் தோண்டத் தோண்டக் குறையும், வெயில் குறையாதே, அதற்கு ஏன் ஈடு என்று கேட்பார்கள். வெயில் குறையவில்லை, வேலிக்குள் அகப்பட்ட மேய்ச்சல் போயிற்று. விற்கும் மின்சாரத்தில் யூனிட்டுக்கு ஒரு பைசாவேனும் பட்டா இல்லாத அந்தக் குடும்பங்களின் பெயரில் வரவு எழுதக்கூடாது என்பதற்கு எனக்கு இதுவரை ஒரு நியாயமும் தென்படவில்லை.